ஸ்பீட் டெஸ்ட் நன்றாக வருகிறது, வீடியோ கால் மட்டும் ஏன் உடைகிறது?

கேள்வி: “வீட்டில் ஃபைபர் இணைப்பு. இறக்க வேகம் 100 எம்பிபிஎஸ், ஏற்ற வேகம் 10. ஸ்பீட் டெஸ்ட் போட்டால் சொன்ன வேகம் அப்படியே வருகிறது. ஆனால் மாலையில் ஆபீஸ் வீடியோ காலில் நான் பேசுவது எதிரில் இருப்பவர்களுக்கு உடைந்து உடைந்து கேட்கிறதாம். கிரிக்கெட் பார்த்தால் பக்கத்து வீட்டில் கத்தி முடித்த பிறகுதான் எனக்கு விக்கெட் விழுகிறது. கம்பெனியைக் கேட்டால் ‘எங்க பக்கம் எல்லாம் ஓகே சார்’ என்கிறார்கள். இந்த மாதிரி சேவைகளின் தரத்தை உண்மையில் எப்படி அளக்கிறார்கள்? அதற்கு யார் பொறுப்பு?”

நீங்கள் சொல்வதும் உண்மை, கம்பெனி சொல்வதும் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அவர்கள் பார்ப்பது லைனை: சிக்னல் அளவு சரியா, இணைப்பு துண்டிக்கப்பட்டதா, வேகம் வருகிறதா, பாக்கெட்டுகள், அதாவது தரவைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து அனுப்புபவை, தொலைகின்றனவா. நீங்கள் பார்ப்பது பேச்சை: சொன்னது போய்ச் சேர்ந்ததா இல்லையா. முதலாவதைச் சேவைத் தரம் என்றும் இரண்டாவதைப் பயனர் அனுபவம் என்றும் இந்தத் துறையில் பிரித்துச் சொல்வார்கள். முதலாவது எல்லா எண்ணிலும் பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது மோசமாக இருக்க முடியும். உங்கள் வீட்டில் நடப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஸ்பீட் டெஸ்ட் என்ன செய்கிறது என்று பாருங்கள். சில விநாடிகளுக்கு ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து, எவ்வளவு தரவை இழுக்க முடிகிறதோ அவ்வளவையும் இழுத்து, குழாய் எவ்வளவு அகலம் என்று சொல்கிறது. வீடியோ காலுக்கு அந்த அகலம் தேவையே இல்லை. இருவர் தெளிவான படத்தோடு பேச இரண்டு மூன்று எம்பிபிஎஸ் போதும். குரலுக்கு மட்டும் என்றால் 50 கேபிபிஎஸ்கூடத் தாராளம். காலுக்கு வேண்டியது ஒவ்வொரு பாக்கெட்டும் நேரத்துக்கு வந்து சேர்வது. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 என்ற பரிந்துரைப்படி, வாயிலிருந்து காதுக்குப் போக 150 மில்லிவிநாடிக்குள் ஆனால் பெரும்பாலான பேச்சுகளுக்குச் சிக்கல் இல்லை. வலையமைப்பைத் திட்டமிடும்போது 400ஐத் தாண்டவே விடக் கூடாது. அதற்கு மேல் போனால் ஒருவர் பேச்சுக்குள் இன்னொருவர் புகுந்து, “நீங்க சொல்லுங்க”, “இல்ல, நீங்க சொல்லுங்க” என்றே நேரம் போகும்.

இந்த 150இல் தூரத்துக்குப் போவது குறைவுதான். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். அதைக் கடக்க 16 மில்லிவிநாடி. கடல் தாண்டிப் போய்வரவே 32தான் ஆகிறது என்றால், உங்கள் பக்கத்து ஊர் சக ஊழியரோடு பேசும்போது நேரம் எங்கே போகிறது? பெரும்பாலும் வரிசையில் காத்திருப்பதில். அந்த வரிசையும் பெரும்பாலும் உங்கள் வீட்டு ரவுட்டருக்குள்ளேயே இருக்கிறது.

உங்கள் கேள்வியிலேயே ஒரு துப்பு இருக்கிறது. உடைவது உங்கள் குரல். அவர்கள் குரல் உடைவதாக நீங்கள் சொல்லவில்லை. அப்படியானால் சிக்கல் ஏறும் திசையில். அந்தத் திசையில் உங்களிடம் இருப்பது 10 எம்பிபிஎஸ்.

மாலையில் வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய போன் வைஃபையில் சேர்ந்ததும், அன்று எடுத்த படங்களையும் வீடியோக்களையும் தானாகவே மேகக் கணக்குக்கு, அதாவது இணையச் சேமிப்பிடத்துக்கு, ஏற்றத் தொடங்குகிறது. இப்படிப்பட்ட ஏற்றம் எவ்வளவு வேகம் கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளும். ஒரு பாக்கெட் தொலையும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது, இந்த மாதிரி ஏற்றங்களை நடத்தும் டிசிபி நெறிமுறையின் இயல்பு. ரவுட்டரில் 1 மெகாபைட் அளவுக்கு வரிசை நிற்க இடம் இருக்கிறது என்றால், அந்த இடம் நிரம்பும்வரை எதுவும் தொலையாது. 1 மெகாபைட் என்பது 8 மெகாபிட். விநாடிக்கு 10 மெகாபிட் போகிற வழியில் அது வெளியேற 0.8 விநாடி ஆகும். அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கும் உங்கள் குரல் பாக்கெட் 800 மில்லிவிநாடி காத்திருக்கிறது. ஜி.114 சொன்ன மொத்த அளவைப் போல ஐந்து மடங்குக்கும் மேல், அதுவும் வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு முன்பே.

இதில் கவனிக்க வேண்டியது, குரல் பாக்கெட்டுகள் தொலையவில்லை. வேகமும் குறையவில்லை, 10 எம்பிபிஎஸ் முழுசாகப் பயன்பட்டுக்கொண்டிருக்கிறது. கம்பெனியின் திரையில் எல்லாம் பச்சை. படம் ஏறி முடிந்ததும் நீங்கள் ஸ்பீட் டெஸ்ட் போடுகிறீர்கள், அதுவும் பச்சை.

காத்திருப்பு ஒரே சீராக இருந்தாலாவது பரவாயில்லை. வரிசை நீண்டு சுருங்கும்போது ஒரு பாக்கெட் 20 மில்லிவிநாடியில் போகிறது, அடுத்தது 300இல், அதற்கடுத்தது 90இல். இதைத்தான் ஜிட்டர் என்கிறோம். கால் செயலிகள் வழக்கமாக 20 மில்லிவிநாடிக்கு ஒரு துண்டாகக் குரலை அனுப்புகின்றன. எதிர்முனைச் செயலி சிறிது நேரம் காத்திருந்து, வந்தவற்றை வரிசைப்படுத்தி ஒலிக்கிறது. அந்த நேரத்துக்குள் வராத துண்டு, அப்புறம் நல்லபடியாக வந்தாலும் பயனில்லை. இலையை மடித்த பிறகு வந்த சாம்பார் அது, கொட்ட வேண்டியதுதான். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் உடைசல் குறையும், ஆனால் பேச்சில் இடைவெளி கூடும். ஒவ்வொரு விநாடியும் செயலி இந்த இரண்டுக்கும் நடுவில் முடிவெடுத்துக்கொண்டே இருக்கிறது. குரலைச் சுருக்கி அனுப்பி மறுமுனையில் விரிக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். 2012இல் தரமாக்கப்பட்ட ஓபஸ் போன்ற குரல் கோடெக்குகள், விடுபட்ட ஒன்றிரண்டு துண்டுகளை முன்பின் ஒலியை வைத்து ஒப்பேற்றிவிடும். தொடர்ந்து பத்துத் துண்டு போனால் எதுவும் செய்ய முடியாது.

இந்த வீங்கிய வரிசைச் சிக்கலுக்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜிம் கெட்டிஸ், 2010இல் தன் வீட்டு இணைப்பையே தோண்டிப் பார்த்து இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். நினைவகம் மலிவாகிவிட்டது, பாக்கெட் தொலைவதைத் தயாரிப்பாளர்கள் குற்றமாகப் பார்த்தார்கள், அதனால் எல்லாரும் பெரிய பெரிய பஃபர்களை, அதாவது பாக்கெட்டுகள் வரிசை நிற்கும் இடங்களை, வைத்துவிட்டார்கள். ஒரு எண்ணை அழகாக்கப் போய் அனுபவத்தைக் கெடுத்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காமல், பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்ப்பதுதான் அதன் அடிப்படை. 100 மில்லிவிநாடி முழுக்க, மிகக் குறைந்த காத்திருப்பே 5 மில்லிவிநாடிக்கு மேல் இருந்தால் ஒரு பாக்கெட்டை வேண்டுமென்றே தூக்கி எறிந்துவிடும். ஏற்றுகிறவர் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைப்பார். இதோடு ஒவ்வொரு தரவு ஓட்டத்தையும் தனித்தனி வரிசையாகப் பிரிக்கும் எஃப்கியூ கோடெல் வந்தது. அதில் படம் ஏற்றுகிறவர் வரிசை நீண்டாலும் உங்கள் குரலின் வரிசை காலியாகவே இருக்கும். டேவ் டாட் போன்றவர்கள் இதை லினக்ஸ் இயங்குதளத்திலும் ஓபன்டபிள்யூஆர்டி ரவுட்டர் மென்பொருளிலும் கொண்டுசேர்க்க ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். இத்தனைக்குப் பிறகும் இணைப்போடு சேர்த்துத் தரப்படும் பல ரவுட்டர்களில் இது இல்லை என்பது எனக்கு வருத்தம் தருகிற விஷயம்.

சரி, அனுபவத்தை எப்படி அளப்பது? ஆரம்பத்தில் மனிதர்களிடமே கேட்டார்கள். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.800 முறையில், அமைதியான அறையில் ஆட்களை உட்காரவைத்து, ஒலித்துண்டுகளைக் கேட்கவைத்து, 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். 1 படுமோசம், 5 பிரமாதம். இதன் சராசரிதான் மாஸ் மதிப்பெண். ஒவ்வொரு காலுக்கும் இப்படி ஆள் வைக்க முடியாதே? அதனால் தாமதம், இழப்பு, கோடெக் ஆகியவற்றை வைத்து மனிதர் என்ன மதிப்பெண் போடுவார் என்று கணிக்கும் ஜி.107 வாய்ப்பாடு வந்தது. அனுப்பிய குரலையும் வந்த குரலையும் ஒப்பிடும் பெஸ்க் 2001இலும் அதன் அடுத்த தலைமுறையான போல்கா 2011இலும் வந்தன. படத்துக்கு வேறு கதை. புள்ளிக்குப் புள்ளி வித்தியாசத்தைக் கணக்கிடும் பழைய அளவுகள் கண்ணுக்குத் தெரிவதோடு அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. நெட்ஃபிளிக்ஸ் 2016இல் எல்லாருக்கும் திறந்துவிட்ட விமாஃப் என்ற அளவு, பல கணக்கீடுகளை எடுத்து, மனிதர்கள் போட்ட மதிப்பெண்களோடு பொருந்தும்படி பயிற்றுவிக்கப்பட்டது.

அளவு எதுவானாலும் சராசரியை மட்டும் பார்ப்பவரை நான் நம்புவதில்லை. 30 நிமிடக் காலில் 1 சதவீதம் பாக்கெட் இழப்பு என்று அறிக்கை வருகிறது என்று வையுங்கள். 1,800 விநாடியில் 18 விநாடி. அது அரை மணி நேரம் முழுக்கத் துளித்துளியாகப் பரவியிருந்தால் கோடெக் மறைத்துவிடும், யாருக்கும் தெரியாது. அதே 18 விநாடி ஒரே இடத்தில் விழுந்து, அப்போது மருத்துவர் மாத்திரை அளவைச் சொல்லிக்கொண்டிருந்தால்? இரண்டுக்கும் அறிக்கையில் ஒரே எண். ஒரு சேவை நடத்துகிறவர் தன் பயனர்களில் மிக மோசமாக அனுபவித்த 5 சதவீதத்தினருக்கு என்ன நடந்தது, அவர்கள் எந்த ஊர், எந்த இணைப்பு, எந்த மாதிரி போன் என்று பிரித்துப் பார்த்தாரா என்பதுதான் என் முதல் கேள்வியாக இருக்கும். பல நேரம் வலையமைப்பில் தவறே இருக்காது. விலை குறைந்த போனின் சிப் அந்த வீடியோ வடிவத்தை விரிக்கத் திணறிக்கொண்டிருக்கும்.

இனி கிரிக்கெட். இங்கே விதிகள் தலைகீழ். காலில் தாமதம் எதிரி. நேரலையில் தாமதத்தை வேண்டுமென்றே வைக்கிறார்கள். வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் தயாரித்து சர்வர்களில் வைக்கிறார்கள். உங்கள் செயலி ஒவ்வொரு துண்டுக்கும் எந்தத் தரத்தை எடுப்பது என்று அந்தந்த நேரத்து நிலவரப்படி முடிவு செய்கிறது. ஆப்பிளின் ஹெச்எல்எஸ் 2009இலிருந்தும், டேஷ் என்ற சர்வதேசத் தரம் 2012இலிருந்தும் இப்படித்தான் இயங்குகின்றன. துண்டு 6 விநாடி, செயலி மூன்று துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறது என்றால் அதிலேயே 18 விநாடி போய்விட்டது. வெட்டித் தயாரிக்கவும் சர்வர்களுக்குப் பரப்பவும் ஆகும் நேரம் தனி. பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனாவுக்கு 36,000 கிலோமீட்டர் உயரம் போய் இறங்கும் சிக்னல் அந்தப் பயணத்துக்கு எடுத்துக்கொள்வது கால் விநாடிதான். மற்ற வேலைகளைச் சேர்த்தாலும் சில விநாடிகள். அதனால் அவர்கள் முதலில் கத்துகிறார்கள்.

அந்த 18 விநாடியைக் குறைக்கக் கூடாதா? குறைக்கலாம், துண்டை இன்னும் சிறு சிறு பகுதிகளாக அனுப்பும் முறைகள் வந்துவிட்டன. ஆனால் கையிருப்பு குறையக் குறைய, ஒரு சின்னத் தடங்கலுக்கும் திரையில் வட்டம் சுற்றும். மக்கள் எதைப் பொறுப்பார்கள், எதைப் பொறுக்கமாட்டார்கள் என்று இதில் நல்ல ஆய்வுகள் உண்டு. 2011இல் வந்த ஓர் ஆய்வில், 90 நிமிட நேரலையில் பஃபரிங் நேரம் 1 சதவீதம் கூடினாலே பார்ப்பவர் 3 நிமிடத்துக்கும் மேல் முன்னதாகக் கிளம்பிவிடுவது தெரிந்தது. அடுத்த ஆண்டு, இணையத்தில் வீடியோக்களைப் பரப்பும் சர்வர்களை நடத்தும் அகமாய் நிறுவனத்தின் தரவில் சுமார் 2.3 கோடி பார்வைகளை எடுத்து சண்முக கிருஷ்ணனும், சென்னை ஐஐடியில் படித்த ரமேஷ் சீதாராமனும் ஆராய்ந்தார்கள். வீடியோ தொடங்க 2 விநாடிக்கு மேல் ஆனால் ஆட்கள் விலகத் தொடங்குகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு விநாடிக்கும் விலகுவோர் 5.8 சதவீதம் கூடுகிறார்கள். நல்ல இணைப்பில் இருப்பவர்கள் இன்னும் சீக்கிரம் விலகுகிறார்கள். மேட்ச் நடுவில் வட்டம் சுற்றுவதைவிட 20 விநாடி தாமதத்தை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று சேவை நடத்துகிறவர்கள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்பவருக்கு அது தவறான தேர்வாகத் தோன்றலாம். தனி வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

இந்தியாவில் இந்த வேலையின் கடினம் வேறொரு இடத்தில் இருக்கிறது. 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் நியூசிலாந்துக்கு எதிராக தோனி ஆடிக்கொண்டிருந்தபோது ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.5 கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். 2023 இறுதிப் போட்டியில் அது 5.9 கோடி. கூட்டம் ஏறுவதைச் சமாளிப்பது ஒரு வேலை என்றால், இறங்குவது இன்னொரு வேலை. தோனி ரன் அவுட் ஆனதும் கோடிக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பின்செல்லும் பொத்தானை அழுத்துகிறார்கள். வீடியோ சர்வர்களின் சுமை குறைகிறது. ஆனால் அத்தனை பேரும் முகப்புப் பக்கத்தில் வந்து விழுகிறார்கள். அதுவரை சும்மா இருந்த பரிந்துரைப் பட்டியல் சர்வர்கள்மீது திடீரென மொத்தச் சுமையும் இறங்குகிறது. இதற்கு அங்குள்ள பொறியாளர்கள் சொன்ன வழி, நெருக்கடியில் தேவையில்லாதவற்றை ஒவ்வொன்றாக அணைப்பது: ஆளுக்கேற்ற பரிந்துரைகள் போன்றவை நிற்கட்டும், வீடியோ மட்டும் ஓடட்டும். எதை முதலில் இழக்கலாம் என்ற பட்டியலை முன்கூட்டியே எழுதிவைக்காத சேவை, நெருக்கடி வரும்போது எல்லாவற்றையும் சேர்த்து இழக்கும். காலிலும் இதே கணக்குதான். நெரிசல் வந்தால் நல்ல செயலி முதலில் படத்தை மங்கலாக்கும், அப்புறம் நிறுத்தும், குரலைக் கடைசிவரை விடாது.

யார் பொறுப்பு என்று கேட்டீர்கள். இணையத்தில் முழுப் பாதைக்கும் யாரும் உத்தரவாதம் தருவதில்லை என்பதுதான் நேரான பதில். 1990களில் முயன்றார்கள். பாதை முழுக்க இடம் முன்பதிவு செய்யும் ஆர்எஸ்விபி 1997இலும், பாக்கெட்டின் தலைப்பில் முன்னுரிமைக் குறி போடும் டிஃப்செர்வ் 1998இலும் வந்தன. ஒரு நிறுவனத்தின் சொந்த வலைக்குள் டிஃப்செர்வ் இன்றும் நன்றாக வேலை செய்கிறது. எல்லை தாண்டியதும் அடுத்த நிறுவனம் அந்தக் குறியை மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உத்தரவாதம் உண்மையில் கிடைக்கும் இடம் உங்கள் போனிலேயே இருக்கிறது. 4ஜியில் சாதாரண அழைப்பு, 4ஜி வலையிலேயே குரலை அனுப்பும் வோல்ட்டி முறை வழியாகப் போகிறது. அதற்குத் தனி வழி ஒதுக்கி, போனுக்கும் நிறுவனத்தின் மையத்துக்கும் இடையே 100 மில்லிவிநாடி என்று வரம்பும் வைத்திருக்கிறார்கள். அதே போனில், அதே டவரில், வாட்ஸ்அப் கால் மற்ற எல்லாத் தரவோடும் சேர்ந்து பொது வழியில் போகிறது. நெரிசலான ரயில் நிலையத்தில் ஒன்று நன்றாகக் கேட்டு இன்னொன்று உடைவதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் செயலிகளுக்கும் காசு வாங்கிக்கொண்டு முன்னுரிமை தரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாத் தரவையும் சமமாக நடத்தச் சொல்லும், இந்தியாவில் 2018இல் ஏற்கப்பட்ட வலைச் சமவாய்ப்புக் கொள்கை அதைத் தடுக்கிறது, தனிச் சிறப்புச் சேவைகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டு. அது சரியான முடிவு என்பது என் கருத்து. வீட்டு வரிசைச் சிக்கலுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ரவுட்டரை ஒழுங்காகச் செய்தாலே எல்லாருடைய வீடியோ காலும் நன்றாகும். ஒழுங்குமுறை பக்கமும் நகர்வு இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2024இல் வெளியிட்ட சேவைத் தர விதிகளில் வேகத்தோடு தாமதம், ஜிட்டர், பாக்கெட் இழப்பு ஆகியவையும் இடம்பெற்றிருக்கின்றன. ஆனால் இவையும் வலையமைப்பின் எண்கள்தான். சுமை ஏறும்போது உங்கள் மேசையில் என்ன நடக்கிறது என்பதை நீங்கள்தான் அளக்க வேண்டும்.

அளப்பது எளிது. மடிக்கணினியை ரவுட்டரோடு கேபிளில் இணைத்து, ஏதாவது ஒரு நிலையான இணைய முகவரிக்கு, ஒரு சிறு பாக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரத்தை மில்லிவிநாடியில் காட்டும் பிங் கட்டளையை ஓடவிடுங்கள். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிய வீடியோ ஒன்றை மேகக் கணக்குக்கு ஏற்றுங்கள். எண் 15இலிருந்து 30க்குப் போனால் உங்கள் ரவுட்டர் நல்லது. 500, 800 என்று பறந்தால் நான் மேலே சொன்னதுதான் காரணம். நெட்ஃபிளிக்ஸின் ஃபாஸ்ட் டாட் காம் பக்கத்தில் கூடுதல் விவரத்தைத் திறந்தால், சுமை இல்லாதபோதும் சுமையோடும் உள்ள தாமதத்தை அதுவே தனித்தனியாகக் காட்டும். பிறகு இதையே வைஃபையில் செய்யுங்கள். கேபிளில் சரியாக இருந்து வைஃபையில் மட்டும் கெட்டால் வேலை வீட்டுக்குள்: 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே, அடுக்குமாடியில் அத்தனை பேரும் அதில்தான் இருப்பார்கள். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், அல்லது வேலை செய்யும் மேசைக்குக் கேபிள் இழுத்துவிடுங்கள்.

கேபிளிலேயே தாமதம் பறந்தால், கோடெல் போன்ற முறையில் வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்கியூஎம் என்ற வசதி உள்ள ரவுட்டரை வாங்கி, ஏற்ற வேகத்தை உண்மையில் கிடைப்பதில் 85 முதல் 90 சதவீதம் என்று அமையுங்கள். உங்கள் 10க்கு 8.5 அல்லது 9. கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுப்பதால், வரிசை கம்பெனிப் பெட்டியில் உருவாகாமல் உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள ரவுட்டரில் உருவாகும். அதைக் கோடெல் பார்த்துக்கொள்ளும். அதுவரை படம் ஏற்றுவதை இரவுக்குத் தள்ளிவைக்கும்படி வீட்டில் எல்லாருடைய போனிலும் மாற்றிவிடுங்கள். செலவில்லாத வைத்தியம் அது.

சுமையே இல்லாதபோதும், கேபிளிலும், மாலை நேரத்தில் மட்டும் தாமதம் ஏறினால் நெரிசல் கம்பெனி பக்கம் இருக்கிறது. அப்போது “நெட் ஸ்லோ” என்று புகார் கொடுக்காதீர்கள். ஸ்பீட் டெஸ்ட் போடச் சொல்லி மூடிவிடுவார்கள். தேதி, நேரம், கேபிளில் அளந்தது என்ற குறிப்பு, காலை 11 மணித் தாமதம், இரவு 9 மணித் தாமதம், பிங் திரையின் படம் ஆகியவற்றோடு எழுத்தில் கொடுத்து புகார் எண் வாங்குங்கள். தீர்வு வராவிட்டால் அந்த எண்ணை வைத்து அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். ஒவ்வொரு கம்பெனியும் அப்படி ஓர் அமைப்பை வைத்திருக்க வேண்டும் என்பது ட்ராய் விதி.